மறு: அம்மோனியா கிராக்கர்: பிரிப்பியா, சிதைப்பியா, பகுப்பியா?

குழுவினருக்கு வணக்கம். ஹைட்ரஜனில் ஓடும் வண்டிகளுக்காக அம்மோனியாவைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் ‘அம்மோனியா கிராக்கர்’ கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘ஹைட்ரஜன் பிரிப்பி’ என்றாலே போதுமே. அம்மோனியாவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை ஐயா. அடுத்தடுத்து இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில் சூடான வினையூக்கியின் மேல் அம்மோனியாவைச் செலுத்துகிறார்கள். ருத்தேனியம் என்றால் 400, 500 பாகை செல்சியசில் காரியம் நடக்கும். மலிவான நிக்கலுக்கு இன்னும் சூடு வேண்டும். மூலக்கூறு பிளந்து, மூன்று பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு நைட்ரஜனும் கலந்த வளி வெளியே வரும். பிளக்காமல் தப்பிய அம்மோனியாவும் கொஞ்சம் கூடவே வரும்.

வண்டியில் வில்லங்கம் செய்வது அந்தக் கொஞ்சம்தான். கார்களில் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிதான் எரிபொருள் கலம். அதன் சவ்வு அமிலத் தன்மை உடையது. அம்மோனியா அதில் பட்டதும் அம்மோனியம் அயனியாகி, புரோட்டான்கள் நகர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மின்சாரம் படுத்துவிடும். அதனால்தான் வண்டிக்கான ஹைட்ரஜனில் அம்மோனியா கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 14687 தரம் சொல்கிறது. ஆகவே இரண்டாவது வேலை, வடிகட்டி எடுப்பது. ‘பிரிப்பி’ என்ற பெயர் அந்தக் கருவிக்குத்தான் பொருந்தும். முதல் கருவிக்கே அதைக் கொடுத்துவிட்டால் இதற்கு எங்கே போவது?

2018-இல் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. பிரிஸ்பேனில் டொயோட்டா மிராய், ஹூண்டாய் நெக்ஸோ கார்களுக்கு அம்மோனியாவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனை நிரப்பிக் காட்டியது. அங்கே பெரிதாகப் பேசப்பட்டது உலோகச் சவ்வு, அதாவது பிரிப்பி. அந்தச் செய்தியை நம் குழுவின் இப்போதைய கலைச்சொல் பட்டியலை வைத்து மொழிபெயர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

> ‘வெப்பச் சிதைவு’ பாடநூலிலேயே இருக்கிறது. ‘சிதைப்பி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் காற்றில்லாமல் சூடாக்கிக் கரியாக்குவதற்கும் அதே வெப்பச் சிதைவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். இங்கே கரியும் இல்லை, கசடும் இல்லை. ‘கிராக்கர்’ என்று அப்படியே விட்டுவிடலாம் என்ற யோசனைக்கு ஒரே பதில்: சிவகாசி.

என் ஓட்டு ‘பகுப்பி’க்கு. நீரை மின்சாரத்தால் பகுத்தால் மின்னாற்பகுப்பு, அந்தக் கருவி மின்பகுப்பி. அம்மோனியாவை வெப்பத்தால் பகுத்தால் வெப்பப் பகுப்பு, கருவி ‘அம்மோனியா வெப்பப்பகுப்பி’. ‘வெப்ப’ என்ற அடை சும்மா அழகுக்கு இல்லை. இந்த வினை வெப்பத்தைத் தின்னும். கிடைக்கும் ஹைட்ரஜனின் ஆற்றலில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். வண்டியை வடிவமைப்பவர் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது அதனோடுதான்.

வண்டிக்குள் இருப்பது என்று காட்டும் ‘ஊர்தியகப் பகுப்பி’ என்ற பெயர் வேண்டாம். பகுப்பி நிரப்பு நிலையத்திலும் இருக்கலாம், வண்டியிலும் ஏறலாம். 2022-இல் அமெரிக்காவின் அமோஜி நிறுவனம் டிராக்டரிலேயே பொருத்தி ஓட்டிக் காட்டியது. இடத்தைப் பெயருக்குள் திணித்தால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சொல் தேவைப்படும்.

அப்புறம், பட்டியலில் இந்த வண்டிகளுக்கு நேராக ‘அம்மோனியா எரிபொருள் கலம்’ என்று இருப்பதை எடுத்துவிட வேண்டும். அவற்றின் கலம் உண்பது ஹைட்ரஜனை. அம்மோனியா சுமை தூக்கி மட்டுமே. தூக்குவதில் கெட்டிக்காரன் என்பது உண்மை. எடையில் 17.6 விழுக்காடு ஹைட்ரஜன், அறை வெப்பநிலையில் 10 பார் அழுத்தத்துக்குள்ளேயே திரவமாகிவிடும். ஹைட்ரஜனை வளியாகவே அடைக்கும் மிராயின் தொட்டிக்கு 700 பார் தேவை. ஆனால் கசிந்தால் கண்ணும் மூச்சும் தாங்காது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்துக்காரர்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியது கடலடிக் குழாயில் கசிந்த இதே அம்மோனியாவால்தான்.

அம்மோனியாவை நேராகவே உண்ணும் கலம் ஒன்று உண்டு: 700 பாகைக்கு மேல் இயங்கும் திண்ம ஆக்சைடு வகை. பகுப்பு அதன் மின்வாயிலேயே (எலக்ட்ரோடு) நடந்துவிடும். ‘நேரடி அம்மோனியா எரிபொருள் கலம்’ என்பதை அதற்கு ஒதுக்குவோம்.

இலங்கை நண்பர்கள் ‘ஐதரசன்’, ‘அமோனியா’ என்று எழுதுவதை மாற்ற வேண்டியதில்லை. அங்கே ‘வெப்பப்பகுப்பி’ வேறு எதற்காவது வழங்குகிறதா என்பதை மட்டும் சொல்லுங்கள். மறுப்பு இல்லையென்றால் வெப்பப்பகுப்பி, பிரிப்பி இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்த்துவிடுகிறேன்.