மஞ்சள் கூரை

சனிக்கிழமை

நான்: [படம்] அப்பாவுக்காகச் செய்துகொண்டிருந்த குட்டி மாடல் கெட்டுவிட்டது, அவர் மும்பையில் ஓட்டிய கறுப்பு உடல், மஞ்சள் கூரை பத்மினி டாக்சி. மஞ்சள் கூரையின் ஓரமெல்லாம் எலி கடித்ததுபோல் பிய்ந்து கிடக்கிறது. ஒரு மாத உழைப்பு. பார்க்கவே மனம் வரவில்லை.

தம்பி: அந்த மறைப்புத் திரவம் பூசினாயே அக்கா, அதனாலா? டேப் ஒட்டியிருக்கலாமே.

நான்: நேர்க்கோட்டுக்கு டேப் போதும். பத்மினியின் கூரை நான்கு மூலையிலும் வளைந்து இறங்குகிறது. 1:43 அளவில் வண்டியே ஒன்பது சென்டிமீட்டர்தான். அந்த வளைவில் டேப் மடிப்பு விழும், மடிப்புக்குள் கறுப்பு புகுந்துவிடும். திரவத்தைத் தூரிகையால் வேண்டிய இடத்தில் பூசலாம். காய்ந்ததும் ரப்பர் தோலாகிவிடும். மேலே கறுப்பு அடித்துவிட்டு உரித்தால் அடியில் மஞ்சள் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு இருக்கவில்லை.

குலசேகரம் மாமா: மக்களே, அந்தக் குப்பியில் அமோனியா வாடை அடித்ததா?

நான்: மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைத்தது மாமா.

குலசேகரம் மாமா: அப்படியானால் அது நம் ரப்பர் பால்தான். இங்கே தோட்டத்தில் வெட்டி எடுத்த பாலைப் பாலாகவே விற்க வேண்டுமென்றால் அமோனியா சேர்ப்போம். சேர்க்காவிட்டால் திரிந்து கட்டியாகிவிடும். ஷீட் அடிக்கவோ, ஆசிட் ஊற்றி நாமே உறைய வைப்போம். நீ பூசியதும் அமோனியாவும் தண்ணீரும் பறந்துவிடும், ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். எத்தனை நாள் அப்படியே விட்டாய்?

நான்: மஞ்சள் அடித்த அன்று மாலையே பூசினேன். மறுநாள் கறுப்பு மூன்று கோட். பிறகு அலுவலக வேலையில் ஆறு நாள் தொடவில்லை.

குலசேகரம் மாமா: ஆறு நாளா! ரப்பர் நாளாக நாளாகப் பிடித்துக்கொள்ளும் மக்களே. மஞ்சள் தண்ணீர்ப் பெயின்ட்டா?

நான்: ஆமாம், அக்ரிலிக்.

குலசேகரம் மாமா: அமோனியா பட்டால் முழுதாகக் காயாத அந்தப் பெயின்ட் இளகிவிடும். ரப்பரோடு சேர்ந்து வந்துவிட்டது.

நான்: இப்போது புரிகிறது. கறுப்பும் அதற்குள் கெட்டியாகிவிட்டது. ரப்பரின் மேலிருந்து கதவு வரை ஒரே ஓடாக இருந்ததை இழுத்தேன், கண்ட இடத்தில் உடைந்தது.

அத்தை: உனக்கு ஆஸ்பத்திரிக் கையுறை போட்டாலே கை தடித்துவிடுமே. இதுவும் அதே ரப்பர். விரலில் படாமல் பார்த்துக்கொள். ஜன்னலைத் திறந்து வை.

நான்: சரி அத்தை.

அப்பா: வருத்தப்படாதே. மாட்டுங்காவில் இருபத்திரண்டு வருடம் ஓட்டிய வண்டிக்கு எத்தனை முறை பெயின்ட் சுரண்டி அடித்திருப்பேன்! சுரண்டிவிட்டு மறுபடி அடி. மஞ்சள் கூரையோடு நிற்க வேண்டும், மழைநீர் ஓடும் விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

நான்: [படம்] [படம்] எல்லோரும் பாருங்கள்!

தம்பி: அக்கா! கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது.

நான்: கத்தியால்தான் வெட்டினேன். இம்முறை மஞ்சளை மூன்று நாள் காயவிட்டு, அமோனியா அதைத் தொடாதபடி மேலே லாக்கர் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தேன். தூரிகையைச் சோப்பு நீரில் முக்கிவிட்டுத் திரவத்தைத் தொட்டேன், இல்லாவிட்டால் மயிரெல்லாம் ரப்பராகி ஒட்டிக்கொள்ளும். போன முறை மெல்லியதாகத் தடவியதும் தவறு, உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழிந்தது. இப்போது இரண்டு கோட் தாராளமாகப் பூசினேன். கறுப்பை மெல்லிய பூச்சாக அடித்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் விளிம்பை ஒட்டிப் புது பிளேடால் லேசாகக் கீறினேன். பின் மூலையைப் பல்குச்சியால் கிளப்பி, சாமணத்தால் இழுத்தேன். பாலாடைபோல் ஒரே துண்டாக எழுந்து வந்தது. அடியில் மஞ்சள் பளபளவென்று! கை நடுங்கிவிட்டது.

குலசேகரம் மாமா: உரித்த ரப்பர் தோலைத் தூக்கிப் போட்டுவிடாதே, ஒரு படம் அனுப்பு. நம் தோட்டத்துச் சரக்கு எங்கெல்லாம் போகிறது என்று பால்வெட்ட வருகிறவர்களிடம் காட்ட வேண்டும்.

நான்: [படம்] கூரையின் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது மாமா. ஒரு பக்கம் கறுப்பு.

அப்பா: ஜன்னலுக்கு மேலே அந்த விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 2023 அக்டோபரோடு மும்பைச் சாலையில் பத்மினி டாக்சி நின்றுவிட்டது என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. இது என் வண்டியேதான் அம்மா.

அத்தை: அண்ணா, அழாதீர்கள்.

அப்பா: அழவில்லை. மீட்டர் எங்கே? இடது பக்கம், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில், வண்டிக்கு வெளியே இருக்கும்.

நான்: இன்னும் செய்யவில்லை அப்பா. எவ்வளவு பெரியது என்று சொல்லுங்கள்.

அப்பா: வீட்டுக்கு வா, கையால் காட்டுகிறேன். மழைக்காலத்தில் அதன்மேல் பிளாஸ்டிக் பை கட்டுவேன், அதையும் செய்ய முடியுமா?