ஊட்டிப் பக்கம் உறைபனி: போன்ல 6 டிகிரி, தோட்டத்துல வெள்ளை. ஏன்?

கேள்வி:
ஊட்டிக்குப் பக்கத்துல, 2,200 மீட்டர் உயரத்துல, பள்ளத்துல 10 சென்ட் உருளைக்கிழங்கு. ஜனவரி காலையில ஆப் 6 டிகிரி காட்டுது, புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி. மேட்டுத் தோட்டத்துல ஒண்ணுமில்ல. மேல போகப் போகத்தானே குளிரணும்? எந்த மாசம் எவ்வளவு இறங்கும், தெர்மாமீட்டர் எங்க வைக்கணும், ஸ்பிரிங்க்ளர் எப்போ போடணும்?

பதில் 1:
ஆப் பல கிலோமீட்டர் பரப்புக்கு ஒரே சராசரி போடும், உங்க பள்ளம் அதுல தெரியாது. 100 மீட்டருக்கு 0.65 டிகிரி குறையும்ங்கிற கணக்கு பகலுக்குச் சரி. மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில அது தலைகீழ். தரை சூட்டை வானத்துக்கு விட்டுட்டுக் குளிரும். அதைத் தொட்ட காத்து கனத்து, தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கும். ஊட்டியைச் சுத்தி இருக்கிற தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பேரு வருஷா வருஷம் உறைபனிச் செய்தியில அடிபடுறது இதனாலதான். கீழ் வரப்புல அடர்த்தியா வேலி இருந்தா அது குளிருக்கு அணை. ரெண்டு இடத்துல திறந்து விடுங்க.

மாசக் கணக்கு ஊட்டிக்குத் தோராயமா: ஏப்ரல், மே பகல் 22-23. ஜூலை பகல் 17, ராத்திரி 11. மேகம் மூடிக் கிடக்கிறதால ஏத்த இறக்கமே 6 டிகிரிதான். ஜனவரி பகல் 20, ராத்திரி சராசரி 5-6, உறைபனி நாள்ல பூஜ்ஜியத்தை ஒட்டி. ஆக பகல் குளிருக்கு ஜூலை, ராக்குளிருக்கு ஜனவரி. (டிசம்பருக்கு ஸ்வெட்டர் கட்டுற டூரிஸ்ட் ஜூலையில மறந்துட்டு வந்து நடுங்குவாங்க.)

நீர்பனி (உறையாத பனித்துளி) முதல்ல வரும், நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் உறைபனி. நவம்பர்ல வடகிழக்குப் பருவமழை மேகம் போர்வை மாதிரி காப்பாத்தும். மேகம் கலைஞ்சு காத்து அடங்கின முதல் ராத்திரிக்குத்தான் உஷாரா இருக்கணும்.

பதில் 2:
தெர்மாமீட்டரைச் சுவத்துல மாட்டாதீங்க, சுவர் ராத்திரி முழுக்கச் சூடு விடும். நாலடி உயரத்துல, வெள்ளை பெயின்ட் அடிச்ச, காத்து புகுற மாதிரி இடைவெளி விட்டு மரச்சட்டம் அடிச்ச பெட்டி, கதவு வடக்குப் பக்கம். இன்னொண்ணு குட்டைப் புல் நுனியைத் தொட்ட மாதிரி திறந்தவெளியில. தெளிவான ராத்திரியில இது பெட்டியை விட 3-5 டிகிரி கீழ காட்டும். செடி அனுபவிக்கிறது இதைத்தான். பெட்டியில 3 இருக்கும்போதே புல்லு உறையுறது அப்படித்தான். வாங்கினதும் நொறுக்கின ஐஸும் கொஞ்சம் தண்ணியும் பிளாஸ்க்ல கலக்கி விட்டுப் பாருங்க. 0 காட்டலைன்னா வித்தியாசத்தைக் குறிச்சு வச்சு கழிச்சுக்கணும்.

பதில் 3:
ஸ்பிரிங்க்ளர் காப்பாத்துறது தண்ணியோட சூட்டால இல்ல, தண்ணி உறையும்போது விடுற சூட்டால. அதனால உறைஞ்சுக்கிட்டே இருக்கணும். லேசான உறைபனிக்கு மணிக்கு 3 மில்லிமீட்டர்னா 10 சென்டுக்கு சுமார் 1,200 லிட்டர். அஞ்சு மணி நேரத்துக்கு 6,000. தொட்டியில அவ்வளவு இல்லைன்னா ஆரம்பிக்கவே வேணாம். பாதியில மோட்டார் நின்னா ஈர இலையில இருந்து ஆவியாகிற தண்ணி, உறையுறப்போ கொடுத்ததை விட ஏழு மடங்கு சூட்டை இழுத்துடும். சும்மா விட்டதை விட மோசம். புல்லு மட்டத் தெர்மாமீட்டர்ல 2 டிகிரி வர்றதுக்குள்ள போடுங்க, காத்து வறண்டிருந்தா இன்னும் முன்னாடியே. வெயில் வந்து ஐஸ் உருகி விழுற வரைக்கும் நிறுத்தாதீங்க.

கேள்வி கேட்டவர்:
தொட்டி 2,000 லிட்டர்தான். வைக்கோல் மூடாக்கு, புகை மூட்டம்?

பதில் 3:
அப்போ ஸ்பிரிங்க்ளரை மறந்துடுங்க. வைக்கோலும் வேணாம், மண்ணுல இருக்கிற சூடு மேல வராம அடைச்சுடும், அதுக்கு மேல இருக்கிற இலைதான் கருகும். முந்தின நாள் மதியமே மண்ணை நனைச்சு விடுங்க, ஈர மண் பகல் சூட்டை அதிகமா பிடிச்சு வைக்கும். புகையால பெருசா பிரயோஜனம் இல்ல, கண்ணுதான் எரியும்.

பதில் 2:
10 சென்ட்தானே, தாகையோ மிலாரோ (குளிருக்குச் செடியை மூடுற காட்டுத் தழை) வெட்டிச் சாயங்காலமே செடி மேல போட்டுடுங்க. பாலித்தீன்னா குச்சி நட்டு இலையில படாம கட்டணும், பட்ட இடம் கருகும். வெயில் ஏறினதும் எடுத்துடுங்க. பிப்ரவரியில வெள்ளையே தெரியாமலும் கருகும். காத்துல ஈரம் கம்மியா இருக்கிறதால பனி படியாது, குளிர் மட்டும் இறங்கும். அதனால புல்லைப் பார்த்து முடிவு பண்ணாம புல்லு மட்டத் தெர்மாமீட்டரைப் பாருங்க. கேரட், முட்டைக்கோஸ் கொஞ்சம் தாங்கும், உருளை தாங்காது. அடுத்த வருஷம் பள்ளத்துக்கு கேரட்டை மாத்திட்டு உருளையை மேட்டுக்குக் கொண்டு போங்க.