பாம்பன்: ஆம்ப்பில் ஹம், மவுஸ் உருட்டினால் கிர்ர். யூ.எஸ்.பி டேக் வாங்கினால் போகுமா?

தெற்குவாடி:
டெஸ்க்டாப், போர்டில் ரியல்டெக் ஏ.எல்.சி.897 ஒலிச் சிப். பின்பக்கப் பச்சை ஜாக்கிலிருந்து 5 மீட்டர் ஆர்.சி.ஏ ஒயர் (ஒலி கொண்டு போற ஒயர்) அசெம்பிள் ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) போகுது. அதே ஆம்ப்பில் கேபிள் செட்டாப் பாக்ஸும் மாட்டியிருக்கு. தொல்லை மூணு. பாட்டு ஓடாதப்பவும் விடாம ஒரு ஹம், அதாவது ம்ம்னு ரீங்காரம். மவுஸ் வீலை உருட்டினா அதுக்கு மேல கிர்ர்னு ஒரு சத்தம். முன்பக்க ஜாக்கில் 32 ஓம் ஹெட்போன் போட்டா பாஸ் மட்டும் வீங்கி, குரல் உள்ளே அமுங்கிடுது. வெளி டேக் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலா மாத்துற யூ.எஸ்.பி பெட்டி) வாங்கினா எல்லாம் தீரும்னு சொல்றாங்க. வாங்கலாமா அண்ணே?

ஈயப்பற்று:
தம்பி, காசை இப்ப எடுக்காதீங்க. மூணும் ஒரே வியாதி இல்ல.

வெளி டேக் நல்லாக் கேட்குறதுக்கு முதல் காரணம் அது இருக்கிற இடம். ஒலிச் சிப் இருக்கிற அதே போர்டில் பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கிற மாஸ்ஃபெட்கள் (மின் சுவிட்சுகள்) வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகுது. திரை நகர்ந்தா கிராபிக்ஸ் கார்டு இழுக்கிற கரண்ட் ஏறி இறங்குது. முன்பக்க ஜாக்குக்குப் போற மெல்லிய ஒயர் அந்தக் கார்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். டேக்கை வெளியே வச்சா அந்தச் சந்தையிலிருந்து தள்ளி வந்துடும். மத்தபடி சிப்பில் பெரிய ரகசியம் கிடையாது, போர்டில் இருக்கிறதே 24 பிட் தரும்.

ஆனா யூ.எஸ்.பி 2.0 ஒயரைப் பிரிச்சுப் பாருங்க. உள்ளே 4 கம்பி: 5 வோல்ட், கிரவுண்டு, ரெண்டு டேட்டா. அந்த கிரவுண்டு உங்க கேபினெட்டோட கிரவுண்டேதான். உங்களுக்கு இருக்கிறது கிரவுண்டு லூப்னா (ரெண்டு இடத்து எர்த்துக்கு நடுவே ஒயர் வழியா கரண்ட் சுத்துறது), டேக் வாங்கினாலும் அதே ஹம் அதே பாதையில வந்து நிக்கும். முதல்ல இதைச் செய்ங்க:

ஆம்ப் வால்யூமைக் குறைச்சிட்டு, கம்ப்யூட்டர் ஆர்.சி.ஏ பின்னை ஆம்ப்பிலிருந்து உருவுங்க. சத்தம் நின்னா ஆம்ப் சுத்தம். அடுத்து அதே ஒயரில் சார்ஜர் போடாத போனை மாட்டுங்க. அப்புறம் கம்ப்யூட்டரை மறுபடி மாட்டி, எல்லா பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துட்டு, செட்டாப் பாக்ஸின் கேபிள் ஒயரைக் கழற்றி வச்சு, ஆன் பண்ணிக் கேளுங்க. பிளக்கை எடுத்திருந்தாலும் கேபிள் ஒயரின் உலோக நுனியைத் தொடக் கூடாது. அதில் எங்கிருந்தோ வோல்டேஜ் ஏறியிருக்கலாம்.

தெற்குவாடி:
செஞ்சேன். பின்னை உருவினா அமைதி. போன் மாட்டினா ஹம் இல்ல. கம்ப்யூட்டரை மறுபடி மாட்டி, செட்டாப் பாக்ஸ் கேபிள் ஒயரைக் கழற்றினதும் ஹம் போச்சு, கிர்ரும் கிட்டத்தட்ட போச்சு. காது வச்சுக் கேட்டா லேசா "ஸ்ஸ்" மட்டும். பின்பக்க ஜாக்கில் ஹெட்போனை நேரா மாட்டினாலும் கிர்ர் இல்ல. ஆம்ப் ரெண்டு முள் பிளக், கம்ப்யூட்டர் மூணு முள்.

ஈயப்பற்று:
அப்ப விடை வந்துடுச்சு. கம்ப்யூட்டர் உங்க வீட்டு எர்த்தில் நிக்குது. கேபிள் ஒயரோட மேல்வலை (உள் கம்பியைச் சுத்தி இருக்கிற உலோக வலை) தெருக்கோடியில் வேற எர்த்தில் நிக்குது. ரெண்டுக்கும் நடுவே இருக்கிற வோல்டேஜ் வித்தியாசத்தால, உங்க ஆர்.சி.ஏ ஒயரின் மேல்வலை வழியா கரண்ட் ஓடுது. ஆம்ப் அதையும் பாட்டுன்னு நினைச்சுப் பெருக்குது. ஹம் 50 ஹெர்ட்ஸ் லைனிலிருந்து வருது. கம்ப்யூட்டரோட இரைச்சலும் அதே மேல்வலையில சவாரி பண்ணுது.

கேபிள் ஒயருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவே கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் (அந்தச் சுத்தை அறுக்கிற சின்ன இணைப்பான்) ஒண்ணு போடுங்க, பாட்டு போற வழியை அது தொடாது. டிஷ் வச்சிருக்கிறவங்க இதைச் செய்யக் கூடாது. டிஷ் தலைக்கு 13, 18 வோல்ட் அந்த ஒயரிலேதான் மேலே போகணும், ஐசொலேட்டர் அதை அடைச்சிடும். அவங்க செட்டாப் பாக்ஸுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே 1:1 ஆடியோ டிரான்ஸ்பார்மர் போடணும். மலிவான டிரான்ஸ்பார்மர் அடி பாஸில் கரகரக்கும், வோல்டேஜைக் குறைச்சு விட்டா தப்பிக்கும்.

ஹம் போகுதுன்னு யாராவது கம்ப்யூட்டர் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டச் சொன்னா கேட்காதீங்க. சப்ளைக்குள்ள இருக்கிற வடிகட்டிக் கண்டென்சர்கள் அப்புறம் கேபினெட்டைப் பாதி லைன் வோல்டேஜுக்குத் தூக்கிடும். தொட்டா விறுவிறுங்கும். உள்ளே எங்கேயாவது கசிவு வந்தா உயிருக்கே ஆபத்து.

கீழக்கரை_கே:
ஹெட்போன் விஷயம் தனி, அதுக்குத்தான் டேக் பணம் தகும். நிறைய கேபினெட்களில் முன்பக்க ஜாக்குக்கு வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஜாக்கே காட்டுற தடை, ஓமில் அளக்கிறது) அதிகம். உங்க 32 ஓம் ஹெட்போன் பாஸ் ஒத்ததிர்வில் (அது தானாவே அதிகம் அதிர்ற பாஸ் சுருதியில்) 64 ஓம் ஆகுதுன்னு வச்சுக்குங்க. 75 ஓம் வழியா ஊட்டினா நடுக்குரலுக்கு வோல்டேஜில் 30 சதம்தான் சேரும், பாஸுக்கு 46 சதம். வித்தியாசம் கிட்டத்தட்ட 3.7 டெசிபல். நீங்க சொல்ற வீக்கம் அதுவே. 1 ஓம் வெளியீடு உள்ள டேக்கில் இதே கணக்கு 0.15 டெசிபலுக்குள் அடங்கிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஓட்டி, ஜாக்கில் ஏ.சி வோல்ட் எடுங்க. பிறகு அந்த ரெண்டு முனைக்கும் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டர் வச்சு மறுபடி எடுங்க. 0.60 வோல்ட் 0.18 ஆனா, 0.60 ஐ 0.18 ஆல் வகுத்து, ஒண்ணைக் கழிச்சு, 33 ஆல் பெருக்கினா 77 ஓம். மலிவு மீட்டர்களில் ஏ.சி ரேஞ்ச் 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும், அது இங்க உதவாது. 2 வோல்ட் ஏ.சி ரேஞ்ச் உள்ளது வேணும்.

தெற்குவாடி:
காக்கா, ஒருத்தர் மீட்டர் கொடுத்தார். 0.62, 0.19. அப்ப 75 ஓம் பக்கம் வருது. பின்பக்க ஜாக்கில் 0.62, 0.58. 2 ஓமுக்கு மேல கொஞ்சம்.

கீழக்கரை_கே:
பின்பக்க ஜாக்கே நல்ல ஜாக் அப்போ. ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டு ஹெட்போனைப் பின்னாடி மாட்டுங்க, இப்போதைக்குச் செலவு இல்ல. மேசையில வச்சு மாட்டுற வசதி வேணும்னா ஆப்பிளோட சின்ன யூ.எஸ்.பி-சி ஹெட்போன் அடாப்டரே போதும், வெளியீடு 1 ஓம் வாக்கில், விண்டோஸில் டிரைவர் இல்லாமல் ஓடும். கேபினெட்டில் யூ.எஸ்.பி-சி துளை இல்லன்னா, சாதா யூ.எஸ்.பி-ஏ துளையில் சி முனையை மாட்டுற மாற்றி ஒண்ணு சேர்த்து வாங்குங்க.

உங்க ஊருக்கே உரிய ஒரு விஷயம். கச்சான் காத்து வீசுற மாதங்களில் ஜாக் உள்ளே உப்பு படிஞ்சு பச்சைக் களிம்பு பிடிக்கும், ஒரு பக்கம் மட்டும் பாடும், திருகினா சரியாகும். 99 சத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சை மெல்லிய குச்சியில் சுத்தி, பிளக் உருவின நிலையில் துடைங்க. பஞ்சில் பச்சை வர்றது நிக்கிற வரைக்கும் மாத்தி மாத்தித் துடைக்கணும். காயறதுக்குப் பத்து நிமிஷம் விடுங்க. டபிள்யூ.டி.40 அடிக்காதீங்க, எண்ணெய் தங்கி தூசியைக் கூட்டும்.

தெற்குவாடி:
பஞ்சு பச்சையாத்தான் வந்தது, நாலு தடவை மாத்தினேன். ஐசொலேட்டர் ராமநாதபுரத்தில் சொல்லி வச்சிருக்கேன். மீதி அந்த "ஸ்ஸ்"?

ஈயப்பற்று:
விண்டோஸ் வால்யூம் 30ல் இருந்தா அதை 100க்குக் கொண்டு போய், ஆம்ப்பின் நாப்பைக் குறைங்க. ஆம்ப் கரகரன்னா 80ல் நிறுத்துங்க. சவுண்டு செட்டிங்கில் மைக், லைன்-இன் ஒலியை ஸ்பீக்கருக்கு விடுற கட்டங்களை மியூட் பண்ணுங்க, சத்தம் அங்கிருந்தும் கசியும்.