2147483647 பகா எண் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

குழுவில் உள்ள கணக்கு ஆசிரியர்களுக்கு வணக்கம். தொண்டியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மட்டு எண்கணிதம் (மீதிகளை வைத்துச் செய்யும் கணக்கு) நடத்தும்போது 2³¹ − 1, அதாவது 2147483647 ஒரு பகா எண் என்று 1772-இல் ஆய்லர் நிறுவியதைச் சொன்னேன். "கம்ப்யூட்டர் இல்லாம எப்படி சார்?" என்று பிடித்துக்கொண்டார்கள்.

பாதி தூரம் சொல்லிவிட்டேன். இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. ஆக, 46340 வரை (வர்க்கமூலம் அதற்குச் சற்று மேல்தான்) இப்படி அமைந்த பகா எண்களை மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 62 எங்கிருந்து வந்தது என்பதை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை வைத்து ஒப்பேற்றிவிட்டேன். அந்த 8 தான் இடிக்கிறது. 2³²-ஐ அந்தக் காரணியால் வகுத்தால் மீதி 2, அதனால் 2 ஒரு வர்க்க மீதி (ஒரு வர்க்க எண்ணை அந்தக் காரணியால் வகுத்தால் வரும் மீதி) என்பது வரை சரி. அதற்கு மேல்? இதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் காஸின் துணைத்தேற்றம் இல்லாமல், பத்தாம் வகுப்புக்கு எட்டுகிற மாதிரி யாராவது சொல்ல முடியுமா?

அப்புறம், 2⁷ − 1 = 127 போன்ற எண்கள் பகா எண்ணா என்று பார்க்கும் லூகாஸ்–லெமர் சோதனை. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டே போனால் 4, 14, 67, 42, 111, 0. கடைசியில் 0 வந்ததும், அதாவது 127 பகா எண் என்று தெரிந்ததும், பிள்ளைகள் கைதட்டினார்கள். ஏன் அப்படி வருகிறது என்பதற்கும் எளிய விளக்கம் வேண்டும்.

(மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் அல்லவா? 2⁶¹ − 1-உம் பகா எண்தான் என்றதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது.)

தாளில் எழுதிப் படம் எடுத்துப் போட்டாலும் போதும்.