எங்க ஊர் ரோட்டுக்கு காசு யாரு குடுக்கணும்? யூனியனா, ஹைவேஸா, சென்ட்ரலா?

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுது டெல்டா பக்கம் ஒரு சின்ன கிராமம். மெயின் ரோட்டுலேர்ந்து ஊருக்குள்ள வர ஒரே ஒரு தார் ரோடு தான், பாதி தூரம் வாய்க்கால் கரை மேலயே போகும். போட்டு ரொம்ப வருஷம் ஆச்சு, இப்ப நடுவுல அங்கங்க ஒரு திட்டு தார் இருக்கு, மீதி எல்லாம் ஜல்லி பேந்து கெடக்கு. வாய்க்கால் பக்கம் ஓரம் அரிச்சி அரிச்சி, எதிர்ல டிராக்டர் வந்தா பைக்க ஒதுக்க எடமில்ல. அறுவடை சமயத்துல நெல் லாரி உள்ள வர மாட்டேங்குது, மூட்டைய மெயின் ரோடு வரைக்கும் டாட்டா ஏஸ்ல கொண்டு போய் மறுபடி ஏத்தணும், அதுக்கு தனி கூலி. மாசமா இருக்கற பொண்ண 108ல ஏத்திட்டு அந்த ரோட்டுல போறப்ப கூட போறவங்களுக்கு உயிரே கையில இல்ல.

ஆனா மெயின் ரோடு இப்ப நல்லா அகலமா போட்டுட்டாங்க. பஞ்சாயத்துல கேட்டா அது யூனியன் ரோடுங்கறாங்க, யூனியன்ல கேட்டா ஹைவேஸுக்கு குடுத்தாச்சுங்கறாங்க, ஹைவேஸ்ல எங்க லிஸ்ட்லயே இல்லங்கறாங்க. எந்த கவர்மெண்ட் காசு, எந்த ஸ்கீம், யாருக்கு மனு போடணும்? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய ஓவர்சீயர்:
தம்பி, ஸ்கீம் பேரெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல உங்க ரோடு யார் கணக்குல இருக்குன்னு கண்டுபிடிங்க. கணக்குல இல்லாத ரோட்டுக்கு எவனும் எஸ்டிமேட் போட மாட்டான், போட முடியாது.

நேஷனல் ஹைவேன்னா சென்ட்ரல் காசு. அதுலயும் ரெண்டு கை இருக்கு, சிலத என்.எச்.ஏ.ஐ., அதாவது தேசிய நெடுஞ்சாலை ஆணையம், நேரடியா பாக்குது, சிலத நம்ம ஸ்டேட் ஹைவேஸோட தேசிய நெடுஞ்சாலை பிரிவு சென்ட்ரல் காச வாங்கி வேலை பாக்குது. பைபாஸ் வந்துட்டா ஊருக்குள்ள இருக்கற பழைய ரோட்ட ஒரு தடவ சரி பண்ணி ஸ்டேட்டு கையில குடுத்துடுவாங்க. அடுத்து மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை, இந்த மூணும் ஸ்டேட் ஹைவேஸ் டிபார்ட்மெண்ட். அதுக்கு கீழ யூனியன் ரோடு, பஞ்சாயத்து ரோடு, ரெண்டும் ஊரக வளர்ச்சித் துறை. டவுனுக்குள்ளன்னா நகராட்சி, பேரூராட்சி.

ரோட்டோரம் கிலோமீட்டர் கல்லு இருந்தா தலையில என்ன கலர்னு பாருங்க. மஞ்சள்னா தேசியம், பச்சைன்னா மாநிலம், காவி மாதிரி ஆரஞ்சுன்னா கிராம சாலை, பெரும்பாலும் பி.எம்.ஜி.எஸ்.ஒய்.ல, அதாவது பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல, போட்டதா இருக்கும். கல்லு இல்லன்னா யூனியன் ஆபீஸ்ல சாலைப் பதிவேடு இருக்கும், ரோட்டு பேரு, நீளம், கடைசியா எந்த வருஷம் எந்த நிதியில போட்டாங்கங்கறது வரைக்கும் எழுதியிருக்கணும். வாயால கேக்காதீங்க, ஆர்.டி.ஐ.ல (தகவல் உரிமைச் சட்டம்) அந்த பக்கத்தோட நகல் கேளுங்க. ஹைவேஸுக்கு குடுத்தாச்சுன்னு சொல்றாங்கல்ல, தரம் உயர்த்தி மாத்தியிருந்தா அதுக்கு அரசாணை இருக்கும், அந்த நம்பரையும் சேத்து கேளுங்க. பல ஊர்ல யூனியன் தீர்மானம் மட்டும் போட்டு அனுப்பிட்டு கைய கழுவிடுறாங்க, ஆணை வர்ற வரைக்கும் ரோடு யூனியனோடது தான்.

லோடு வண்டி:
நான் வண்டி ஓட்றவன், எனக்கு வயிறு எரியுது இதப் படிக்கிறப்ப. பெட்ரோல் டீசல் போடறப்ப எல்லாம் ரோட்டுக்குன்னு செஸ் புடிக்கறான் சென்ட்ரல், அதாவது ஒரு காரியத்துக்குன்னு தனியா போடற கூடுதல் வரி. இது இன்னைக்கு நேத்து கதை இல்ல, வெள்ளக்காரன் காலத்துலயே ஜெயகர் கமிட்டி சொல்லி 1929ல ஒரு காலன் பெட்ரோலுக்கு ரெண்டணா எக்ஸ்ட்ரா போட்டு ரோட்டு நிதி ஆரம்பிச்சான். 2000ல அதுக்கு தனி சட்டமே வந்துச்சு, மத்திய சாலை நிதின்னு. முன்னாடி அதுல நேஷனல் ஹைவேக்கு இவ்ளோ கிராமத்துக்கு இவ்ளோன்னு சட்டத்துலயே பங்கு இருந்துச்சு, 2018ல திருத்தி உட்கட்டமைப்பையும் உள்ள சேத்து, யாருக்கு எவ்ளோங்கறத ஃபைனான்ஸ் மினிஸ்டர் தலைமையில ஒரு கமிட்டி முடிவு பண்ணும்னு மாத்திட்டாங்க. வரியா இருந்தா ஸ்டேட்டுக்கு பங்கு பிரிச்சு குடுக்கணும், செஸ்ஸுன்னு பேர் வச்சா பிரிக்க வேணாம். மெயின் ரோட்டுல டோலும் கட்றோம், செஸ்ஸும் கட்றோம், இந்த தம்பி ஊருக்கு உள்ள போனா லீஃப் பிளேட்டு உடையுது. கிராமத்து ரோட்டுல ஓடுற டிராக்டரும் அதே டீசல் தானே ஊத்துது?

கீழத்தெரு வார்டு:
அண்ணன் சொல்றது நியாயம் தான், ஆனா தம்பிக்கு ரோடு வேணுமே. நான் முன்னாடி வார்டு மெம்பரா இருந்தவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

புதுசா போட வழி இருக்கு. பி.எம்.ஜி.எஸ்.ஒய். 2000 டிசம்பர்ல வாஜ்பாய் ஆரம்பிச்சது, சமவெளியில 500 பேருக்கு மேல இருக்கற, ரோடே இல்லாத குடியிருப்புக்கு இணைப்பு ரோடு. மொதல்ல முழுக்க சென்ட்ரல் காசு, 2015-16லேர்ந்து நமக்கு 60க்கு 40, அந்த 40 ஸ்டேட் போடுது. நாலாவது கட்டத்துக்கு 2024 செப்டம்பர்ல ஒப்புதல் குடுத்தாங்க, நாடு முழுக்க 62,500 கிலோமீட்டர், அதுவும் ரோடு போகாத ஊருங்களுக்குத்தான். உங்களுக்கு ஏற்கனவே தார் ரோடு இருக்குன்னு கணக்குல இருந்தா அதுல வராது. உங்களுக்கு பொருந்துறது முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், 2023 ஜனவரியில சட்டசபையில அறிவிச்சது, 10,000 கிலோமீட்டர் 4,000 கோடின்னு. அது யூனியன், பஞ்சாயத்து ரோடுங்கள தரம் உயர்த்தறதுக்குத்தான். அடுத்த பட்டியல் எப்ப எடுப்பாங்கன்னு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல ஓவர்சீயர புடிச்சு கேளுங்க. எம்.எல்.ஏ. நிதி வருஷத்துக்கு 3 கோடி தான், தொகுதி முழுக்க பிரிச்சா ஒரு ஊருக்கு ஒரு தெரு பேவர் பிளாக், அத நம்பி ஒக்காராதீங்க.

என் ஆத்திரம் வேற எடத்துல. புதுசா போட ஸ்கீம் வருது, ரிப்பன் வெட்டறாங்க. பராமரிக்க காசு எங்க? பி.எம்.ஜி.எஸ்.ஒய். ரோட்ட போட்ட காண்ட்ராக்டரே அஞ்சு வருஷம் பாத்துக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு, ஆறாவது வருஷம் அது அனாதை. சென்ட்ரல் வரிக்காச எப்படி பிரிக்கறதுன்னு சொல்ற நிதிக்குழு இருக்கே, அந்த காசு பஞ்சாயத்துக்கு நேரடியா வருமே, அதுல போடலாம்ல? 15வது நிதிக்குழு காசுல 60 சதவீதம் தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப் போட்டது, மீதி 40ல தான் ரோடு, விளக்கு, மத்ததெல்லாம். அதுவும் தேர்தல் நடந்து ஆள் இருந்தாத்தான் வரும். நம்ம பக்கம் 2019 டிசம்பர்ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரியில முடிஞ்சு தனி அலுவலர் கையில போயிடுச்சு. ஒரு குழிக்கு ரெண்டு சட்டி தார்க்கலவை ஊத்தி உருட்டியிருந்தா இந்த ரோடு இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும், இப்ப அடியிலேர்ந்து தோண்டி போடணும்.

கிராம சபையில தீர்மானம் கட்டாயம் போடுங்க. இப்ப வருஷத்துக்கு ஆறு கூட்டம் இருக்கு. ரோடு பேரு, எங்கேர்ந்து எங்க வரைக்கும், நீளம் எல்லாம் எழுதணும், ‘சாலை வசதி வேண்டும்’னு மொட்டையா எழுதினா அது குப்பைக்குத்தான் போகும்.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றிண்ணே, எல்லாருக்கும். இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல. ஓவர்சீயர் ஐயாவுக்கு இன்னொரு கேள்வி, ரோடு பாதி வாய்க்கால் கரைன்னு சொன்னேன்ல, அது பொதுப்பணித்துறை கரைன்னு ஊர்ல பெரியவங்க சொல்றாங்க. அதனால ஏதாவது சிக்கல் வருமா?

பழைய ஓவர்சீயர்:
வரும் தம்பி, டெல்டால பாதி ஃபைல் அங்கதான் நிக்குது. கரை இப்ப நீர்வளத்துறையோடது, அவங்க தடையின்மைச் சான்று குடுக்காம டெண்டர் விட முடியாது. தீர்மானம் போட்ட உடனே அதோட நகல வச்சு அந்த செக்‌ஷன் ஏ.இ.க்கும் (உதவிப் பொறியாளர்) ஒரு மனு குடுத்துடுங்க, ரெண்டு ஃபைலும் ஒரே நேரத்துல நகரட்டும். நடுவுல எங்கயாவது பட்டா நிலம் வந்தா அந்த நிலத்துக்காரர் தானப்பத்திரம் எழுதிக் குடுக்கணும், அதையும் இப்பவே பேசி வைங்க.

இன்னொன்னு, எஸ்டிமேட் எடுக்க வர்றப்ப நீங்க கூடவே நடங்க. வெறும் தார் மட்டும் போட்டா ரெண்டு மழைக்கு தாங்காது, நம்ம களிமண்ணு தண்ணி குடிச்சா வீங்கும், காஞ்சா வெடிக்கும். கரை அரிக்கிற எடத்துல தடுப்புச் சுவர், வயலுக்கு தண்ணி பாயற எடத்துல குழாய் பாலம், ரெண்டு ஓரமும் கிராவல் கொட்டி பெர்ம் (தார் ஓரத்துக்கு அணைப்பா மண் ஓரம்) கட்டறது, இதெல்லாம் எஸ்டிமேட்ல சேத்திருக்கான்னு பாருங்க. பணம் பத்தலன்னு மொதல்ல வெட்டறது இதைத்தான். நீளத்த கொறச்சாலும் பரவால்ல, தடுப்புச் சுவர விட்டுடாதீங்க.