தியான இல்லத்தின் சோலார் ஹீட்டரில் விடிவதற்குள் வெந்நீர் ஆறிவிடுகிறது

கொடைக்கானலில் ஒரு கத்தோலிக்கத் தியான இல்லத்தில் பணிபுரிகிறேன். பொறுப்பாளரான அருட்சகோதரி, சமையல் செய்யும் அக்கா, தோட்டக்காரர், நான் என நால்வரே இருப்பதால் கட்டடப் பராமரிப்பு என்னிடம் உள்ளது.

எங்களுடையது 500 லிட்டர் தொட்டியும் 4 தட்டைப் பேனல்களும் கொண்ட, பம்பு இல்லாத (பேனலில் சூடாகும் நீர் தானாகவே மேலேறித் தொட்டிக்குச் சுழலும்) சோலார் ஹீட்டர். ஒன்பது ஆண்டுகள் குறையின்றி இயங்கியது. அக்டோபரில் கூரையைப் புதுப்பித்தபோது தொட்டியை இறக்கி மீண்டும் பொருத்தினார்கள். இப்போது அதன் அடிப்பகுதி பேனல்களின் மேல்விளிம்புக்கு ஏறக்குறைய நேராக இருக்கிறது. மாலை 5 மணிக்கு 58 டிகிரியாக இருக்கும் நீர், யாரும் பயன்படுத்தாத நிலையிலும், காலை 5 மணிக்கு 31 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. எட்டு நாள் மௌனத் தியானத்துக்கு வரும் முதிய சகோதரிகள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்த நீரிலேயே குளித்துவிட்டுக் காலைச் செபத்துக்கு வருவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பேனல்களைக் கழுவி, உப்புப் படிவை நீக்கி, குழாய்களுக்குப் புதிய வெப்பக்காப்பு உறை சுற்றிவிட்டேன். தொட்டியிலிருந்து பயன்பாட்டுக்கு வெந்நீர் வெளியேறும் வால்வை இரவில் மூடி வைத்துப் பார்த்தும் பயனில்லை. நள்ளிரவில் கூரையேறிப் பார்த்தபோது, பேனலின் மேற்குழாய் தொட்டிப் பக்கத்தில் வெதுவெதுப்பாக இருந்ததால், குளிர்ந்த பேனல் வழியாக நீர் எதிர்த்திசையில் சுழல்கிறது என்று சந்தேகிக்கிறேன். இதைத் தடுக்கத் தொட்டியைப் பேனல்களுக்கு மேலே உயர்த்தலாம் என்றால், புதிய இரும்புத்தாங்கி வேண்டும். தவக்காலத்துக்குள் அதற்குப் பணம் திரட்ட இயலாது.

தொட்டியை உயர்த்தாமல் தொட்டியிலிருந்து பேனலுக்கு நீர் இறங்கும் கீழ்க்குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) மட்டும் பொருத்தினால், பகல் நேரச் சுழற்சி தடைபடாமல் இந்த இழப்பு நிற்குமா?