டொக்கமாக்கிலிருந்து தப்பும் வேக அயன்களை அளப்பது எவ்வாறு?

உவர்மலை மாணவி:
டொக்கமாக் எனும் வளைய வடிவ அணுக்கரு இணைவுக் கருவியில், காந்தப்புலத்தால் அடைக்கப்பட்ட பிளாஸ்மாவிலிருந்து (அயனாகிய வாயுவிலிருந்து) தப்பும் வேக அயன்களை, அவ்வளவு வெப்பத்தில் எந்தக் கருவியை வைத்து அளக்கிறார்கள்?

நிலாவெளி ஆசிரியர்:
கருவியைப் பிளாஸ்மாவின் விளிம்புக்குச் சற்று வெளியே, சுவரோரமாக வைக்கிறார்கள், மகள். ஒடுங்கிய துவாரத்தினூடாக நுழையும் அயன், ஒளிரும் பூச்சுள்ள தகட்டில் மோதும் இடத்தைக் கமரா பதிவுசெய்ய, அந்தப் புள்ளியிலிருந்தே அதன் சுழற்சி ஆரையும் புலக்கோட்டோடு அது அமைக்கும் கோணமும் கணிக்கப்படுகின்றன. உதாரணமாக, 5 டெஸ்லா புலத்துக்குச் செங்குத்தாகச் செல்லும் 3.5 மெகா இலத்திரன்வோல்ற்று அல்பாத் துணிக்கையின் ஆரை 5 சென்றிமீற்றரைச் சற்றே தாண்டும் (உயர்தரச் சமன்பாடே போதும்).

திருமலைப் பொறியியலாளர்:
கமரா மட்டும் போதாது. பிளாஸ்மாவில் காந்தப்புலக் கோடுகளின் அதிர்வாக எழும் அல்வென் அலைகள் இலட்சக்கணக்கான ஹேர்ட்சில் அதிரக்கூடியவை என்பதால், அவை வெளித்தள்ளும் அயன்களை அறிய, கமராவைவிட விரைவான ஒளியுணரிகளான ஒளிப்பெருக்கிக் குழாய்களும் அதே தகட்டைப் பார்க்க வேண்டும். ஜேர்மனியின் அஸ்டெக்ஸ் அப்கிரேட் எனும் டொக்கமாக்கில் இவ்வாறே செய்கிறார்கள்.

உவர்மலை மாணவி:
அப்படியானால் மொத்த இழப்பும் தெரிந்துவிடுமா?

நிலாவெளி ஆசிரியர்:
தெரியாது. ஒரு கருவி சுவரின் ஓரிடத்தை மட்டுமே காண்பதால், மிகுதியை அயன்களின் பாதைகளைக் கணிப்பதாலேயே மதிப்பிட வேண்டும்.